பேபி போட்ட பூஜ்யம்

தாம்பரம்
5.3.2006

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு வயிற்றெரிச்சல், மற்றபடி இரண்டு பேரும் நலம். நீ நலமா என்று கேட்க இன்று மனசு வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். போனில் பேசினால் நீ இங்கிலீஷில் மழுப்புவாய், நான் கத்துவேன், அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கூரியர்.

மனுஷன் அடுத்தவனுக்கு ஏன் கொடுக்கிறான் என்பது உன் ஆராய்ச்சி. பேர் வருகிறது, பெருமை வருகிறது, அதனால் கொடுக்கிறான் என்று நீ சொன்னபோது நான் ஒத்துக்கொண்டேன். சுனாமி சமயத்தில் எங்கள் வியாபாரிகள் சங்கம் கொடுத்த அரிசி மூட்டையைவிட பேனர் பெரிசு, அந்த போட்டோவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் மீனவர் குப்பத்தில் உன் ஆராய்ச்சிக்கு உதவியாக வந்த பிரேம் செய்துவிட்டுப் போனது இருக்கிறதே, அது அதைவிடக் கேவலம். நம் கடையில் கயிறும் ஐஸ் பெட்டியும் வாங்குகிற ஜனம், என் பேச்சைக் கேட்பார்கள் என்று நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். நாற்பது பேருக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், இதில் முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பங்கு கொடுப்பீர்கள் என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும், மிச்சம் அவர்களுக்கே. பேர் வெளியே வராது, நம்பர் மட்டும்தான் என்று சத்தியம் பண்ணினான். முடிந்ததும் பஞ்சாயத்தார் கேட்டார்கள் என்று நம்பர் வாரியாக மைக்கில் வாசித்தான். வரிசையில் நின்றபடி நம்பர் கொடுத்தால் ஏழாம் நம்பர் யாரென்று ஊருக்குத் தெரியாதா? மற்றவர்கள் நிவாரணம் நின்றுவிடுமோ என்று பயந்து ஐம்பது, நூறு எழுதியிருந்தார்கள். ஏழாம் நம்பர் மீன் விற்கிற பேபி, அவள் எழுதியது பூஜ்யம். இப்போது அவள் கூடையோடு நடந்தால், பூஜ்யம் போறா பாரு என்று பொம்பளைகளே சொல்கிறார்கள்.

அலையில் புருஷனைப் பறிகொடுத்தவள். உனக்குப் பணம் கொடுக்கிற டிரஸ்ட் மீன் விற்கிற பெண்களுக்கு மார்க்கெட்டில் கடை கட்டித் தருகிறதே, அந்த லிஸ்டில் இருந்து அவளை எடுத்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து நடத்துகிற கடைக்குக் கொடுக்கிற மனசு வேண்டுமாம்.

நான் போய்க் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி. பங்குன்னா இன்னா சார், வலை இழுத்தவனுக்கு, போட்டுக்காரனுக்குக் குடுக்கறது. அந்தாளு இன்னா எங்கூட வலை இழுத்தானா? கஷ்டத்துல கீறான், எதுனா குடுன்னு கேட்டிருந்தா நான் இல்லன்னா சொல்லுவேன்? இவ்வளவுதான். நீ தர்மத்தைக் கேட்டதாக நினைத்தாய், அவள் கணக்குக்குப் பதில் சொன்னாள். அந்தச் சீட்டின் தமிழை எனக்கு அனுப்பி, சரியா அப்பா என்று கேட்டாய். முப்பது வருஷமாக அவர்களோடு வியாபாரம் செய்கிற நான் ஜோர் என்றேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்.

தப்பு என்னுடையது என்று டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்தேன், ஆராய்ச்சி செய்தவர் சொன்னால்தான் ஏற்போம் என்றுவிட்டார்கள். நீயோ, ஒரு சீட்டால் ஆராய்ச்சி முடிவு மாறாது என்று பிரேமிடம் சொன்னாயாம். பயந்து எழுதியவை முப்பத்தொன்பது, உண்மை ஒன்று, அந்த ஒன்றும் நாம் கேட்காத கேள்விக்கு. நான் கடையில் இப்படிப்பட்ட சரக்கை விற்றால் நீயே என்னைத் திட்டுவாய். தப்பை ஒத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டி வந்து உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும், செலவுக்கு நான் இருக்கிறேன்.

குளிரில் தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே, வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. லிஸ்ட் இருபதாம் தேதி முடிகிறது. கேள்வி தப்பு, பேபி தப்பில்லை என்று உன் கையெழுத்தோடு அவர்களுக்கு எழுது. எழுதிய பிறகு போன் செய். அதற்கு முன்னால் செய்தால் அம்மாதான் எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
எத்திராஜ்