அகலச் செயின்

அன்புச் சிட்டுக்கு,

இங்கே நான் நலம். நீ நலம் என்பதை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் போனை நீ எடுப்பதில்லை, அது நியாயம்தான். அதனால் இந்தக் கடிதத்தையும் பொட்டலத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் பொட்டலத்தைப் பிரி.

உள்ளே இருப்பது உன் பந்தய சைக்கிளின் அகலச் செயின். நீ கிளம்பிய அன்று உன் சாமான் பெட்டியில் நான் வைத்தனுப்பியது கியர் சைக்கிளுக்கான ஒல்லிச் செயின். இன்று மத்தியானம் கடையைப் பெருக்கும்போது உன்னுடையது ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பந்தயம், இன்னும் மூன்றே நாள். உன் பின்சக்கரத்தில் இருப்பது தடித்த பல். ஒல்லிச் செயின் அதில் இறங்காது, நுனியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தட்டித் தட்டி இறக்கப் பார்க்காதே. பிரேக் இல்லாத வண்டி, பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தித்தான் நிறுத்த வேண்டும்; செயின் குதித்தால் அதுவும் போச்சு.

எப்போதும் நீ பட்டியலைப் படிப்பாய், நான் "இருக்கு, இருக்கு" என்று சொல்லிப் பெட்டியில் போடுவேன். அன்று இருவரும் உர்ரென்று இருந்தோம். நீ படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போகாதே என்று சண்டை போட்டவன் வேண்டுமென்றே மாற்றி வைத்துவிட்டான் என்று நீ நினைப்பாய். கடைக்கு வந்திருந்த உன் அம்மா நினைத்தே விட்டார்கள். "மாப்பிள்ளை, நிஜத்தைச் சொல்லுங்க, தெரிஞ்சேதானே வெச்சீங்க?" என்றார்கள். இல்லை என்றேன்.

அவர்கள் போனபின், ஸ்டாண்டில் இருந்த யாருடையதோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் கம்பிகளுக்குள் புகுந்து சுவரெல்லாம் ஓடியது. சத்தமே இல்லை. அந்தச் சுவரில் நீ தலையைக் குனிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றிக்கொண்டே இருந்தாய். விழவே இல்லை. யாரோ வந்து இரண்டு முறை கூப்பிட்டாராம். "என்னங்க, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கை தெரியாமல்தான் எடுத்தது. மனசைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போன வருடம் பந்தயத்தில் விழுந்து உன் காறை எலும்பு முறிந்ததிலிருந்து எனக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியாமல் கோபப்பட்டேன். மன்னித்துவிடு.

செயினை மாட்டியதும் நடுவில் விரலால் அழுத்திப் பார். கொஞ்சம் ஆட வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, எங்கேயும் விறைக்கவில்லை என்று பார்த்துக்கொள். நட்டை நீயே இறுக்கு. உன் தம்பி கை வைத்தால் மரையே போய்விடும்.

மெதுவாகப் போ என்று உன்னிடம் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! இந்தத் தடவை சொல்ல மாட்டேன். வேகமாகப் போய் வா, கண்ணே.

வாசலைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்