நீ பாதியில் விட்ட ஆப்பிள் மரம்

என் ராசா, வில்சா,

காபி ஆறிப்போகிறது என்று நான் கூப்பிட்டதும் ஏணியிலிருந்து இறங்கி வந்தாய். குடித்துவிட்டு மீதி இலையையும் உருவி முடிக்கிறேன் என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவே இல்லை, தம்பி. வெளியே நம் ஆப்பிள் மரம் பாதி மொட்டையாகவும் பாதி பச்சையாகவும் நின்றது.

காக்ஸ் டவுனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது. நம் மாடியில் குடிவந்திருக்கும் கவிதா, கரூர்ப் பெண், ஐடி வேலை, "மரத்துக்கு ஏதாவது சீக்குங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பெங்களூர்க் குளிர் ஆப்பிளுக்குப் போதாது, கையால் இலையை எல்லாம் உருவினால்தான் குளிர்காலம் வந்துபோனதாக நினைத்துப் பூக்கும் என்று, நீ எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். "அப்ப மரத்தையே ஏமாத்துறதுங்களா?" என்று சிரித்தாள். உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

நீ உருவிய பாதி, உன்னை அடக்கம் செய்த மாதத்திலேயே பூத்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படியா வெட்கமில்லாமல் பூப்பது? பிறகு காய்த்தது. போன வாரம் பறித்து, அம்மா செய்வதுபோல மீன் குழம்பில் மாங்காய்க்குப் பதிலாகப் போட்டேன். அந்தப் புளிப்பு கடையில் வாங்கும் எந்த ஆப்பிளிலும் இல்லை. கவிதாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

"இது எங்கீங்க ஆன்ட்டி கிடைக்கும்?"

"எங்கயும் கிடைக்காதும்மா. முன்னே இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒண்ணு இருந்துச்சி. என் தம்பி ஊரெல்லாம் தேடிப் பாத்துட்டான். இப்ப இது ஒண்ணுதான்."

அந்த ஒன்றையும் நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, நீ உருவிய பக்கத்துக் கிளைகளில் புழு ஏறிவிட்டது என்றார். "பச்சையா இருக்குற பக்கம்தான் மேடம் நல்லாருக்கு. இலைய உருவிட்டீங்கன்னா, மொட்டு வீங்குற நேரத்துல குச்சி வெட்டி வேற கன்னுல ஒட்டு கட்டிடலாம். விட்டா மரமே போயிடும்." விதை போட்டால் வேறு ஏதோ ஆப்பிள்தான் முளைக்கும், இது வராது என்று உனக்கா நான் சொல்ல வேண்டும்? ஒட்டுக் கட்டுவதற்கென்று நீ வளர்த்த கன்றுகள் தொட்டிகளில் தளதளவென்று நிற்கின்றன. ஒன்று தன் பால்கனிக்கு வேண்டும் என்று கவிதா இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

எல்லாம் தயார், நான்தான் தயாராக இல்லை. அந்தப் பச்சைப் பாதி, நீ இன்னும் தொடாத பாதி. வேலை மிச்சம் இருக்கும்வரை நீ வந்துவிடுவாய் என்று இந்த அசட்டு அக்காவுக்கு ஒரு நினைப்பு. எதையாவது நீ அரைகுறையாக விட்டிருக்கிறாயா? உன் மூங்கில் ஏணியைக்கூட யாரையும் எடுக்க விடவில்லை. மழையில் நனைந்து நனைந்து அதன் கால் உளுத்துப்போய்விட்டது.

போன பிறகும் என்னை வேலை வாங்குகிறாய், பார்.

இன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கீழ்க்கிளையில் ஒரே ஒரு இலையைப் பறித்துப் பார்த்தேன். அதற்கே அழுகை வந்துவிட்டது. பூத்தால் யாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், சொல்? வருஷா வருஷம் முதல் பூவுக்கு, "அக்கா, வெளிய வா" என்று நீதானே கத்துவாய்?

நாளைக்குப் புது ஏணி வருகிறது. மீதி இலையை நானே உருவுகிறேன். நீ வந்து முடிப்பாய் என்று இனிக் காத்திருக்க மாட்டேன், தம்பி.

உன் அக்கா,
ஸ்டெல்லா