தொண்ணூறா, அறுபதா?

அன்புள்ள அம்மா,

மூட்டுவலி தேவலையா? நான் நலம். என் பழைய போர்வையை அனுப்பிவிடு; புதியதில் தூக்கம் வரவில்லை.

இணையத்தில் தகவல் வழி தேடிப் போவதற்கான புதிய விதிகளை எங்கள் பொறியாளர் அக்கா சரிபார்க்கிறார். நான் தாள்களை நகலெடுத்து அடுக்குபவள். பதில் தராத இயந்திரத்துக்காகத் தொண்ணூறு நொடி காத்திருக்கச் சொன்னது ஒரு பக்கம், அட்டவணையில் அறுபது. நேற்று அடுக்கும்போது இது கண்ணில் பட்டது; திருத்தம் சொல்ல அன்றுதான் கடைசி நாள். ஒன்பதாவதோடு நின்றவள் சொன்னால் சிரிப்பார்களோ என்று பயந்தபடி அக்காவிடம் விரலால் காட்டினேன்.

"அட, இத்தனை பேர் படிச்சும் கோட்டை விட்டுட்டோமே! ஒரு மெஷின் காத்துக்கிட்டு நிக்கும், இன்னொண்ணு வழியையே மூடிட்டுப் போயிடும்டி!"

விதிகளை எழுதுகிறவர்களுக்கு அனுப்பிய திருத்தத்தில், பிழையைக் கண்டுபிடித்தது நான்தான் என்றே அக்கா எழுதினார். எவ்வளவு பெரிய மனசு, அம்மா!

"நன்றி சொல்ற பக்கத்துல போடணும். பேரை எழுதுடி."

இனிஷியலாக உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

உன் மகள்