பொசிற்றிவ் வந்த என் இரத்தம்

அன்பின் யசிந்தா,

மாதாவின் துணையால் கட்டாரில் நான் சுகம். உமது முழங்கால் நோ குறைந்ததா? விசாவுக்கு எடுத்த இரத்தப் பரிசோதனை இப்படித்தான் வருமென்று நான் முன்பே சொன்னேன். ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமி நெகற்றிவ்; அதற்கான எதிர்ப்புச் சக்தி பொசிற்றிவ். பொசிற்றிவ் என்றதுமே அறைக்காரர் என் கோப்பையை வெளியே வைத்துவிட்டார்கள். "டேய், உது நோயில்லை, காவல்! ஊரிலை போட்ட தடுப்பூசியடா!" என்று நான் விளக்க, டொக்டரே வாய்பிளந்தார்.

கோப்பை உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்பும்.

கடிதம் கொண்டுவரும் லெனாட் விமானத்துக்கு அவசரப்படுகிறான். யசிந்தா, தடுப்பூசிக் கதை பொய். எனக்குத் தெரியாமலே நோய் வந்து, சுகமாகி மாறியிருக்கிறதாம். தொற்றியிருக்கலாமென்று வீட்டுக்காரியையும் சோதிக்கச் சொன்னார் டொக்டர். நாளைக்கே யாழ்ப்பாணம் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடும்.

உம்முடைய
சந்தியோகு