சட்டித் துண்டுகளில் உன் பெயர்

இன்று காலை மீன்சட்டி கைதவறி விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்மூடிவிட்ட சேதி வந்ததிலிருந்து உனக்கு எழுத நினைத்து, வேறு வேறு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்துக் கொண்டாட நாம் ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஒன்பது பேர். அது மலாயாவில் அவசரகாலம்; எந்தச் சங்கத்தையும் அரசாங்கத்தில் பதிந்தாக வேண்டும். கவிதை படிக்கவெல்லாம் யார் அனுமதி கேட்பார்கள் என்று நாம் பதியவில்லை.

நம்மில் நீதான் கெட்டிக்காரி. ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள். நம் செயலாளன் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகன். பாடம் நடத்திய துரையின் முன்னால் அவன் மொழிபெயர்ப்பில் நீ பிழை காட்டினாய். அவன் அதை மறக்கவில்லை.

துரை விடுமுறைக்குச் சீமைக்குக் கப்பலேறியதும் அவன் ஒரு விளையாட்டைத் தொடங்கினான். பழைய ஏதென்ஸில், வேண்டாதவன் பெயரை உடைந்த சட்டித் துண்டுகளில் எழுதிப் போட்டு ஊரைவிட்டே விலக்குவார்களாம். ஒரு சட்டியை உடைத்தோம். மற்ற எட்டுப் பேரும் கிரேக்க எழுத்தில் உன் பெயரையே எழுதினோம். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதினேன்.

"வாசல் அந்தப் பக்கம்லா," என்றான் அவன். "துண்டுங்கள மறந்துறாத. அப்பாகிட்ட காட்டு. மக பேரு கிரேக்கத்துல வந்திருக்குன்னு சந்தோசப்படுவாரு."

எல்லோரும் சிரித்தோம். நீ என்னைப் பார்த்து, "நீ என்னா எழுதுன?" என்றாய்.

"சும்மா விளையாட்டுக்குதான்லா."

நீ எட்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாய்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று தோட்ட வாசலில் பை பையாகத் துழாவிய காலம் அது. போலீசார் அரிசி தேடித் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். புரியாத எழுத்தைப் பார்த்ததும் ரகசியத் தகவல் என்று முடிவு கட்டினார்கள். நீ கொஞ்சமும் பயப்படவில்லையாம். "கிரேக்கம் சார். எங்க காலேஜ் கூட்டாளிங்கள கேளுங்க, சொல்வாங்க," என்றாயாம்.

மறுநாளே கல்லூரிக்குக் கேட்க வந்தார்கள். இன்ஸ்பெக்டர் நம்மவர்தான். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். பதியாத சங்கம் வெளியே தெரிந்தால் எல்லோரும் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று செயலாளன் முன்பே எங்களை மிரட்டி வைத்திருந்தான். மேசைமேல் என் கையெழுத்து என்னைப் பார்த்துக் கிடந்தது.

"இது என்னா எழுத்து, தெரியுமா?"

"தெரியாது சார்."

"அந்தப் பொண்ணு உன்னைக் கூட்டாளின்னு சொல்லுதே?"

"ஒரே கிளாஸ். அவ்வளவுதான் சார்."

உன்னைப் பல மாதம் தடுப்புமுகாமில் வைத்தார்கள். பிறகு குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். இங்கே பிறந்த நீ அந்த ஊரை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. நான் பட்டம் வாங்கினேன். இன்று மலாக்காவில் வரலாறு நடத்துகிறேன். ஏதென்ஸ் வந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தள்ளிவிடுவேன்.

நீ போன சேதியோடு உன் தங்கை எழுதியிருந்தாள்: "அக்கா உங்களைப் பற்றி ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. அன்றைக்கு நீங்கள் கல்லூரிக்கு வந்திருக்க மாட்டீர்கள், வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்பாள். அப்படித்தானே, அக்கா?"

அவளுக்கு மட்டும் அன்றே பதில் போட்டுவிட்டேன். ஆமாம் தங்கச்சி, அன்றைக்கு எனக்குக் கடுமையான காய்ச்சல்.