தோளில் தொங்க வேண்டிய நீலப் பை

வீட்டுத் துரைக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். எழுப்பியிருந்தால் நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கியிருக்கும். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, மேனேஜரோடு ஏர்போர்ட்டுக்குப் போங்கள்.

இன்சுலின் பேனா, ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின், டாக்டர் சீட்டு எல்லாம் நீலப் பையில் இருக்கின்றன. அது உங்கள் தோளில்தான் தொங்க வேண்டும். போன தடவை, “ஏர்போர்ட் செக்கிங்ல மேனேஜர் முன்னாடி பையைத் திறக்கச் சொன்னா என் மானம் போயிடும்” என்று எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றினீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போனது, நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது மானம் பத்திரமாக இருந்ததா?

பேனா ஐஸ் பொட்டலத்தில் நேராகப் படக்கூடாது. உறைந்தால் மருந்து குப்பைக்குத்தான். துணி சுற்றியிருக்கிறேன், அதைப் பிரித்து மேதாவித்தனம் காட்ட வேண்டாம். பக்கவாட்டு ஜிப்பில் இருப்பது சர்க்கரை இறங்கினால் போட வேண்டிய குளுக்கோஸ் மாத்திரை. மிட்டாய் இல்லை.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள். என்னோடு பேச வேண்டாம். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள்.

பி.கு.: நேற்று உங்கள் மேனேஜர் வீட்டம்மாவிடம் பேசினேன். மேனேஜருக்கும் ஆறு வருஷமாக இன்சுலின்தானாம். நீங்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவரும் பெட்டிக்குள்தான் ஒளித்து வைப்பாராம். இந்நேரம் அந்தம்மாவும் இப்படி ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருப்பார்.