வெள்ளையிலும் வருது

6-2-2025, வியாழன்

பாகலூர் ரோட்டில் காலையிலிருந்து லாரி நெரிசல். பம்ப் கம்பெனிக்குப் போக வேண்டிய ரப்பர் ஓ-ரிங் மூட்டை பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. திட்டு வாங்கினேன். டெம்போக்காரனுக்கு அதையே திருப்பிக் கொடுத்தேன்.

ஹோஸ் கடையை மூடி வீட்டுக்கு வந்தால் இவர் மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கன்னடத்தில். எனக்கும் கன்னடம் வரும் — அத்திப்பள்ளி பார்ட்டிகளிடம் பேரம் பேசுகிற அளவுக்கு. அதில் சிரிக்க வராது. நான் தமிழ் பேசுகிற மத்தூர்க்காரி. இவர் எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் கன்னடத்தோடு பிறந்து வளர்ந்தவர்.

"யாருங்க?"

"நம்ம ஏரோப்ளேன் கிளப்புல பிரியதர்ஷினின்னு சொன்னேனே. பெரிய ப்ளேனுக்குப் பெட்ரோல் இன்ஜின் மாட்டறேன் இல்ல, ஒரு யோசனை கேட்டேன்."

யோசனைக்கு எதுக்கு அவ்வளவு சிரிப்பு?

9-2-2025, ஞாயிறு

இன்று நானும் கூடப் போனேன். இரண்டு வருடமாக இவர் ரிமோட் ஏரோப்ளேன் விடுகிறார், நான் போவது இதுதான் முதல் தடவை. "நீயா? வெயிலடிக்குமே" என்றார். அடிக்கட்டும்.

சூளகிரி தாண்டி ஒரு லேஅவுட். தார் ரோடு போட்டு, கல் நட்டு, வீடு மட்டும் வராத இடம். அந்த ரோடுதான் ரன்வே. மீதி மனையெல்லாம் ஆடு மேய்கிறது.

அவளைப் பார்த்தேன். முப்பத்தைந்து இருக்கும். பெங்களூரில் விமானம் சம்பந்தப்பட்ட வேலையாம். தலையில் சாயம் போன தொப்பி, முகமெல்லாம் தூசி. அழகி என்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிகிறது. அழகாக இருந்தால் இதுதான் சங்கதி என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

"சிவராஜ், த்ராட்டில் குறைங்க! சிவராஜ்!"

பேர் சொல்லி! கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பேரை நான் பேங்க் பாரத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. இவரும் உடனே குறைத்தார். வீட்டில் ஃபேனைக் குறைக்க மூன்று தடவை சொல்லணும்.

என்னிடமும் வந்து பேசினாள். "அக்கா, ஹோஸ் கடை உங்களுதுதானே? சிவராஜ் சொல்லிக்கிட்டே இருப்பாரு." என்ன சொல்லுவார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

11-2-2025, செவ்வாய்

இவர் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கே வந்தார். கவுண்டரில் சுகுணா. கடை ஆரம்பித்ததிலிருந்து என்னோடு இருப்பவள், வாய் சும்மா இருக்காது.

"என்னா சார், கஸ்டமரா வந்தீங்களா, வீட்டுக்காரரா வந்தீங்களா?"

"ரெண்டுமாத்தான். பெட்ரோல் டேங்க் மாட்டணும். மேகலா, பெட்ரோல் தாங்கற டியூபு ஒரு முழம் குடு. மஞ்சளா இருக்கும்னு பிரியா சொன்னா."

பிரியா. பின்னாடி இருந்த தர்ஷினி எங்கே போனாள்?

மஞ்சள் ரோல் என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் எதிர் ரேக்குக்குப் போய் வெள்ளை சிலிக்கானில் ஒரு முழம் வெட்டினேன். பால் பண்ணைக்குப் போகிற சரக்கு அது. சுடுதண்ணி தாங்கும். பெட்ரோலில் ஊறினால் உப்பிப்போய்ப் பிடிப்பு விட்டு, மாட்டின இடத்திலிருந்து கழன்றுகொள்ளும்.

"வெள்ளையா இருக்கே?"

"வெள்ளையிலும் வருது."

"நீ சொன்னா சரி" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"யக்கா, அது..." என்று சுகுணா இழுத்தாள். டீ சொல்லிவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன்.

மொபெட்டில் பை மாட்டிக்கொண்டு சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக கேஸ்கெட் விற்ற காலத்திலிருந்து நான் சரக்கு மாற்றிக் கொடுத்ததில்லை. ஆசிட் லைனுக்கு மலிவு ரப்பர் கேட்டவனை, வேற கடை பாருங்க என்று அனுப்பியிருக்கிறேன்.

இன்று கொடுத்தேன். விழட்டும். ஒரு தடவை விழுந்து நொறுங்கினால் இந்த ஆசையும் போகும், அவள் யோசனையும் போகும்.

12-2-2025, புதன்

சுகுணா இன்று வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

15-2-2025, சனி

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து டேங்க் மாட்டினார். "கொஞ்சம் பிடி வா" என்று என்னையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை நாளாச்சு!

டேங்க் என்றால் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் புட்டி. வாய்க்கு ரப்பர் அடைப்பான், அதற்குள் நுழையும் இரண்டு பித்தளைக் குழாய். ஒன்றை மேல்பக்கமாக வளைத்தார், காற்றுக்கு. இன்னொன்றின் உள்முனையில் என் டியூபைச் செருகி, டியூப் நுனியில் துளையுள்ள பித்தளைக் குண்டு ஒன்றை மாட்டினார்.

"ப்ளேன் தலைகீழாப் போனாலும் பெட்ரோல் எந்தப் பக்கம் சாயுதோ அங்க இந்தக் குண்டும் போவும். இன்ஜினுக்கு நிக்காம கிடைக்கும். டியூபு ரொம்ப நீளமா இருந்தா குண்டு பின்னாடி முட்டிக்கும், கட்டையா இருந்தா எட்டாது." டியூபை இரண்டு தடவை கழற்றி நறுக்கி மறுபடி மாட்டினார். ஸ்க்ரூவை முறுக்கினதும் ரப்பர் பிதுங்கி இறுகியது. ஒரு குழாயை விரலால் அடைத்து, புட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி, இன்னொன்றில் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன்.

"ஒரு குமிழி வருதா பாரு! உன் டியூபு, என் ஃபிட்டிங்!"

சின்னப் பிள்ளை மாதிரி முகம். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் இவர் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டார். டிங் என்று பதில். இவர் சிரித்தார்.

நான் பாத்திரம் கழுவ எழுந்துவிட்டேன். சாயந்திரம் மீதி டியூபை டேங்கிலிருந்து இன்ஜினுக்கு மாட்டி, பெட்ரோல் ஊற்றி மாடியில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். ஓடியது. ராத்திரி முழுக்க ஊறும்.

16-2-2025, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பறக்கவிடுவதற்கு முன் அவள் ப்ளேனைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற டியூபை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது சிலிக்கான் மாதிரி இருக்கு. பாருங்க, உப்பியிருக்கு."

 இவர் முந்திக்கொண்டார்.

"வெள்ளையிலும் வருதாம். மேகலா குடுத்தது."

"இல்ல சிவராஜ், எதுக்கும் ஒரு தடவை கழட்டி..."

"இன்ஜினப் பத்தி நீ சொல்லும்மா, கேட்டுக்கறேன். டியூபப் பத்தி என் பொண்டாட்டி சொன்னா சொன்னதுதான். அவ கடையில இந்நாள் வரைக்கும் ஒரு சரக்கு மாறினதில்ல."

எத்தனை நாளாக இதற்கு ஏங்கிக் கிடந்தேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றால் இவர் எந்தப் பக்கம்? இதோ, நாலு பேர் முன்னால் என் பக்கம். அதுவும் இந்த டியூபுக்காக.

சும்மா இருந்திருக்கலாம். இவர் குனிந்து, இன்ஜினைக் கிளப்ப ப்ளேன் மூக்கிலிருக்கிற விசிறியில் கை வைத்துவிட்டார். ரோட்டோரம் ஆட்டுக்காரம்மா ஒருத்தி தலையில் துண்டு போட்டுக்கொண்டு கல் மேல் உட்கார்ந்திருந்தாள். கடையில் டியூபை வெட்டும்போது இந்த அம்மா என் நினைப்பிலேயே இல்லை. ப்ளேன் மட்டும்தான் விழும் என்று இருந்தேன்.

"நிறுத்துங்க. அவங்க சொல்றதுதான் சரி. அது சிலிக்கான்."

நிமிர்ந்து பார்த்தார். "சுகுணா மாத்தி வெட்டிட்டாளா?"

தப்பிக்க வழியை அவரே திறந்துவிட்டார். வியாபாரத்தில் இப்படிக் கிடைத்தால் விட மாட்டேன்.

"நான்தான் வெட்டினேன். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

அவள் எதையோ எடுக்கப் போவதுபோல் தன் காருக்குப் போய்விட்டாள். விவரம் தெரிந்த பொம்பளை. அதற்கும் அவள்மேல் எரிச்சல் வந்தது. வெட்கமில்லை எனக்கு.

இவர் டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டு ப்ளேனைக் காரில் ஏற்றினார்.

17-2-2025, திங்கள்

பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார். உப்புப் போட மறந்திருந்தேன். அதையும் சொல்லவில்லை.

20-2-2025, வியாழன்

இன்று கேட்டார். "எதுக்குடி?"

"அவ உங்களப் பேர் சொல்லிக் கூப்பிடறா."

"உன்னை யாரு வேணாம்னது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவருக்கு இரண்டும் வரவில்லை.

"அந்தப் புள்ளைகிட்ட நான் சிரிச்சது உனக்கு சுட்டுது, சரி. கடையில நீ சொன்னா சரின்னேன். அது சுடலையா?"

சுட்டுச்சுங்க. அப்பவே சுட்டுச்சு. சொல்லத்தான் வாய் வரல.

24-2-2025, திங்கள்

கடைக்கு வந்தார். ஒரு டிராக்டர்க்காரர் க்ளாம்ப் வாங்கி முடிக்கும் வரை அவருக்குப் பின்னால் நின்றார். சுகுணா எந்தக் கிண்டலும் செய்யவில்லை.

"பெட்ரோல் டியூபு. மஞ்சள். ஒரு முழம்."

வெட்டிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ சொன்னா சரி என்பார் என்று நின்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

26-2-2025, புதன்

மாடிப்படிக்குக் கீழே, நிழலில், ஒரு கண்ணாடிப் புட்டி. பாதிக்குப் பெட்ரோல். உள்ளே நான் கொடுத்த மஞ்சள் டியூபில் ஒரு துண்டு. ஒப்புப் பார்க்க இன்னொரு துண்டைப் புட்டிக்கு வெளியே வைத்திருக்கிறார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. டேங்கைப் பிரித்து அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறார்.

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு மூடியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு துண்டும் ஒரே தடிமன்தான். உப்பாது. அது எனக்குத் தெரியும்.

திரும்பப் போட்டு மூடியை இறுக்கிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரே எடுத்துப் பார்க்கட்டும்.